ஏழாவது சுற்றுக்குப் பிறகு

நகரியில் கரண்ட் போனால்தான் கலைவாணி சதுரங்கம் ஆட முடியும். விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றதும் கொட்டகையில் கொஞ்ச நேரம் காது அடைத்தாற்போல இருக்கும். பிறகு யாராவது இருமுவார்கள், யாராவது பீடி பற்றவைக்க வெளியே போவார்கள். அவள் கணவன் ஏழுமலை, நூல் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போடுவான். அதன் அடியில் கறுப்பு மசியால் அறுபத்துநாலு கட்டம் வரைந்திருக்கும். காய்கள் திருப்பதி பஜாரில் வாங்கியவை. ஒரு கறுப்பு யானை தொலைந்துபோய், அதன் இடத்தில் மாத்திரை டப்பி மூடி நின்றது.

கொட்டகைக்கென்று ஒரு சட்டம் உண்டு. கரண்ட் வந்த நொடியில் ஆட்டம் நின்றுவிடும். வேடிக்கை பார்த்தவர்கள் யார் கை மேலே என்று தீர்ப்புச் சொல்வார்கள், அவன்தான் ஜெயித்தவன். அதனால் அங்கே ஆடிப் பழகிய ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆட்டத்தை முடிக்கத் தெரியாது. கலைவாணி மட்டும் நின்றுபோன ஆட்டத்தை மனசில் தூக்கிக்கொண்டு போவாள். தறிக்கான கண்டில், அதாவது குழலில், நூல் சுற்றும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தை ஆடி முடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில், அந்தக் குதிரையை எடுத்திருந்தால் நீ செத்திருப்பாய் மாமா என்று ஏழுமலையிடம் சொல்வாள். அவன் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமாதான், பின்பும் மாமாதான்.

அவளுக்கு ஆடக் கற்றுக் கொடுத்ததாக ஏழுமலை சொல்லிக்கொள்வான். காய்கள் எப்படி நகரும் என்று காட்டியது அவன்தான், அது நிஜம். இரண்டு வருஷத்தில் பத்து ஆட்டம் ஆடினால் ஏழில் அவள் ஜெயித்தாள். ஏழுமலை கோபப்படுகிற ஆள் இல்லை. தோற்றால் சிரித்துக்கொண்டே காய்களை அடுக்குவான். ஆனால் வெளியாள் யாரும் பார்க்கும்போது அவளோடு ஆடமாட்டான். பக்கத்து வீட்டில் இருந்த அவன் அக்கா செங்கம்மா, புருஷன் போனபின் தம்பி குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டவள், பொம்பளை குந்திக்கொண்டு காய் நவுத்தினால் தறியே சிரிக்கும் என்பாள். சொல்லிவிட்டு குழந்தை ரூபாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டதால்தான் இவள் ஆடவே முடிந்தது.

தொண்ணூற்றைந்தில் நியூயார்க்கில் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் நடந்தது. நம் மெட்ராஸ்காரர் ஒருவர் ஒரு பக்கம். பேப்பரில் நகர்த்தல்கள் வரும். எட்டு ஆட்டம் வரிசையாக டிராவில் முடிந்தபோது கொட்டகையில் பாதிப் பேருக்கு அலுத்துவிட்டது. ஒன்பதாவதை நம் ஆள் ஜெயித்தார். அன்றைக்கு முதலாளியே டீ வாங்கிக் கொடுத்தார். பத்தாவதில் எதிராளி யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நம் ஆளைச் சாய்த்தான். அந்தப் பத்தாவது ஆட்டத்தைக் கலைவாணி அட்டைப்பெட்டியில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தாள். தோற்ற ஆட்டத்தைப் போய் ஏன் நோண்டுகிறாய் என்று ஏழுமலை கேட்டதற்கு, இந்த மாதிரி ஒருத்தரிடம் தோற்கவாவது வேண்டும் என்றாள்.

அதே வருஷம்தான் நூல் விலை ஏறி, தறிகள் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. முதலில் ஓரத்துத் தறி நான்கை எடைக்குப் போட்டார்கள். வாலிபப் பையன்கள் திருப்பூருக்கும் மெட்ராஸ் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் போனார்கள். மீதிப் பேர் குவைத் ஏஜெண்டின் வீட்டைத் தேடிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவேன், அப்புறம் இடத்தை விற்றுவிடுவேன் என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அப்போது ஏழுமலைக்கு ஒரு வழி தெரிந்தது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் விளையாட்டு வீரர்களுக்கென்று வேலை ஒதுக்கியிருந்தார்கள். மாநில அணியில் தேசியப் போட்டிக்குப் போனவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது இருபத்தெட்டுக்குள். அணியில் நான்கு பேர். தொண்ணூற்றாறில் ஆந்திர மாநிலப் போட்டி திருப்பதியிலேயே நடந்தது. பெண்களுக்கான போட்டி வேறு எங்கோ தூரத்தில், சின்னப் பிள்ளைக்காரி போகிற தூரம் இல்லை. திருப்பதிப் போட்டியில் யாரும் கலந்துகொள்ளலாம், பெண்களுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை என்றதால் கலைவாணியும் பெயர் கொடுத்தாள். திருச்சானூரில் சொந்தக்காரர் ஒருவர் வேலை பார்த்த லாட்ஜில் ஒரு மாடி அறை கிடைத்தது. காலையில் ஷேர் ஆட்டோவில் போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுவார்கள்.

ஒன்பது சுற்று. தோற்றால் வெளியே போகிற போட்டி இல்லை, எல்லாரும் எல்லாச் சுற்றும் ஆடுவார்கள். ஒரே அளவு புள்ளி வாங்கியவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடுவார்கள். கடைசியில் இரண்டு பேர் சமமாக வந்தால், யார் பலசாலிகளோடு ஆடியவர் என்று பார்ப்பார்கள். அதாவது அவரவர் சந்தித்த ஒன்பது எதிராளிகளும் போட்டி முடியும்போது வாங்கியிருக்கும் புள்ளிகளைக் கூட்டுவார்கள், எது அதிகமோ அவர் மேலே. சித்தூரில் கணக்கு வாத்தியாராக இருந்த நடுவர் ஆதிநாராயணன் இதைத் தெலுங்கிலும் தமிழிலும் மைக்கில் சொன்னார். கணவனும் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆறு சுற்று முடிந்தபோது இருவருக்கும் நாலரை. ஏழாவது சுற்றுக்கு யாருக்கு யார் என்று சுவரில் ஒட்டிய தாளில் இரண்டு பெயரும் எதிரெதிரே இருந்தன.

மறுநாள் காலை இட்லிக் கடையில் ஏழுமலை சட்னியை விரலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு இதான் கடசி வருசம். அடுத்த ஆடியோட இருபத்தெட்டு முடிஞ்சிடும்” என்றான்.

“தெரியும்.”

“நீ இன்னும் ரெண்டு மூணு வருசம் போடலாம்.”

“அதுக்குள்ள கொட்டா இருக்குமா?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

“இன்னும் ஒண்ணும் சொல்லல மாமா நீ. விட்டுக்குடுன்னு வாய தொறந்து சொல்லு.”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “நானு எப்பிடி சொல்றது? நீயே சொல்லிட்ட. துன்னு, ஆறிடப் போவுது.”

அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு வேலை வந்தால் போதும். அது யார் பெயரில் வந்தால் என்ன என்றுதான் அவளும் நினைத்தாள். மாநில அணியில் போகிற ஒருத்திக்கு இப்படி ஒரு வேலை தருவார்கள் என்பதையே அவள் முழுசாக நம்பவில்லை.

ஆனால் பலகை முன்னால் உட்கார்ந்ததும் கை சொன்னபடி கேட்கவில்லை. ஏழுமலைக்குப் பதற்றம். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை விட்டான். அவள் தோற்கத்தான் வந்தாள், இருந்தாலும் கண்ணெதிரே இருக்கிற நல்ல நகர்த்தலைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆடி, அவள் யானை அவன் ராஜாவின் பக்கத்து வரிசைக்குள் புகுந்து நின்றுவிட்டது. தோற்பதற்கு இனி நாசூக்கான வழி எதுவும் மிச்சமில்லை. சுற்றிலும் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். திருப்பதி காலேஜ் பையன் கிரண்குமார், அணியில் ஓர் இடத்துக்கு ஏழுமலையோடு போட்டியிடுகிறவன், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் யானையைத் தூக்கி, ஏழுமலையின் மந்திரி எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாள்.

சும்மா நிற்கிற யானையை எடுக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. காதெல்லாம் சிவந்துவிட்டது. ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். பிறகு எடுத்தான். அவள் இன்னும் நாலு நகர்த்தல் ஆடிவிட்டுக் கை நீட்டினாள்.

வெளியே வரும்போது கிரண்குமார், வீட்டில் பிராக்டீஸ் நன்றாக நடக்கிறது போலிருக்கிறதே அண்ணா என்று தெலுங்கில் கேட்டான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் ஆதிநாராயணன் சிரிக்கவில்லை. முடிவுத் தாளில் கையெழுத்து வாங்கும்போது கலைவாணியிடம், “இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்குதும்மா. அதையாவது ஆட்டமா ஆடு” என்று மட்டும் சொன்னார்.

செருப்புகள் குவிந்திருந்த வாசல் ஓரத்தில் ஏழுமலை நின்றிருந்தான்.

“நீ கெளம்பு” என்றான்.

“எங்க?”

“ஊருக்கு. ரூபாவுக்கு ஜொரம்னு சொல்லிக்கலாம்.”

“யாரு சொன்னது ஜொரம்னு?”

“யாரும் சொல்லல. நீ உள்ள இருந்தா என்னப் பாத்து சிரிச்சிக்கினே இருப்பானுங்க. கண்ணுல படலன்னா மறந்துடுவானுங்க. என்னால காய் மேல கை வெக்க முடியல.”

“ரெண்டு ஆட்டம் பாக்கி கீது மாமா. ஆடிட்டு வந்துடறேனே.”

“இனிமே நீ ஆடி இன்னா ஆவணும்?”

அவளுக்கு ஆட ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அதை ஒரு காரணமாகச் சொல்லிப் பழக்கமில்லை. நடுவரிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் ஜுரம் என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமலேயே ரேணிகுண்டாவுக்குப் போய் பாசஞ்சர் ரயில் பிடித்தாள்.

புள்ளி சமமானால் எதிராளிகளின் புள்ளியைக் கூட்டுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தோற்றுப்போன எதிராளியும் எதிராளிதான் என்பது மட்டும் அந்தச் செருப்புக் குவியலின் பக்கத்தில் இருவருக்குமே தோன்றவில்லை. ஏழுமலையின் கணக்கில் அவள் அவன் மனைவியாகத்தான் இருந்தாள்.

வீட்டில் ரூபா நன்றாகத்தான் இருந்தாள். ஏன் பாதியில் வந்தாய் என்று செங்கம்மா கேட்டதற்கு, குழந்தை ஞாபகம் வந்துவிட்டது என்றாள் கலைவாணி. யானை விஷயத்தைச் சொன்னால் தம்பியின் மானம் போகும். அதனால் வாயில் வந்ததைச் சொன்னாள். இந்த ஒரு பொய்யை அவளே கொடுத்தாள், யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழுமலை வந்தான். தொட்டியில் கால் கழுவிக்கொண்டே, ஐந்தாவது இடம் என்றான்.

“எத்தினி பாயிண்ட்டு?”

“ஏழு.”

“நாலாவது யாரு?”

“கிரணு. அவனும் ஏழுதான்.”

அவளுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் கேட்டாள். “எத்தினி கம்மி?”

“அர பாயிண்ட்டு.”

சொம்பை வைத்துவிட்டுத் துண்டை எடுத்து வெகு நேரம் கால் துடைத்தான். எட்டாவது சுற்றில் அவளுக்கு எதிராளியாக வந்தவர் காளாஸ்தி வாத்தியார் ஒருவர் என்று அவனே சொன்னான். எதிர் நாற்காலி காலியாக இருக்க, அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு அவருக்குச் சும்மா ஒரு புள்ளி கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது சுற்றுத் தாளில் இவள் பெயரையே எடுத்துவிட்டார்கள். அந்த வாத்தியாரை இவள் எப்படியும் ஜெயித்திருப்பாள். ஜெயித்திருந்தால் அவள் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். அவள் கணக்கில் ஏறினால் அவளை ஜெயித்தவன் கணக்கிலும் ஏறும். அரைப் புள்ளி பின்னால் நின்றவன் அரைப் புள்ளி முன்னால் நின்றிருப்பான்.

செங்கம்மா உள்ளே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஏழுமலை கலைவாணியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்து, “இவ பாதியில வந்துட்டா இல்ல, அதுல போச்சி” என்றான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதில் இருந்த சங்கடம்.

ஊர் முழுக்க அது அப்படியே பரவிற்று. பிள்ளை ஞாபகம் என்று ஓடிவந்து புருஷன் வேலையைக் கெடுத்தவள். கொட்டகையில் கரண்ட் போனபோதெல்லாம் யாராவது அதை எடுத்தார்கள். சிலர் கேலியாக, சிலர் நிஜமாகவே பரிதாபப்பட்டு. ஏழுமலை அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்பதற்கு மேல் பேச்சு குறைந்துபோயிற்று. அவன் ஒருமுறையாவது, அனுப்பியது நான்தான் என்று அக்காவிடம் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாசம் போயிற்று. பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவன் அதே வார்த்தையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது போலிருந்தது.

அடுத்த வருஷம் கொட்டகையைப் பிரித்தார்கள். கலைவாணி புத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போனாள். எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கும் வேலை. ஏழுமலை டிரைவிங் கற்றுக்கொண்டு, தொண்ணூற்றெட்டில் குவைத்துக்குக் கிளம்பினான், ஒரு வீட்டில் கார் ஓட்ட.

நகரி ஸ்டேஷனில் வழியனுப்ப ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டும். ரயில் தாமதம். இந்த வயசில் கடல் தாண்ட வேண்டியிருக்கிறதே என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். “இன்னா பண்றது. உள்ளூருலயே உக்காந்துக்கினு கவர்மெண்டு சம்பளம் வாங்கியிருப்பேன். இவ ஓடியாந்துட்டா” என்றான் ஏழுமலை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“நானு ஓடியாரல” என்றாள் கலைவாணி. இரண்டு வருஷத்தில் முதல் முறை. “நீ அனுப்பின. எதுக்கு அனுப்பினேன்னு சொல்லட்டுமா?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். செங்கம்மா ரூபாவின் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஏழுமலையின் முகத்தில் அன்று யானையை எடுப்பதற்கு முன் இருந்த அதே சிவப்பு. சொல்லாதே என்று கேட்கவும் அவனால் முடியவில்லை.

அவள் சொல்லவில்லை. அவனுக்காக விட்டாளா, ரயில் வந்துவிட்டதால் விட்டாளா என்று பின்னால் அவளுக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள், அவன் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். அவன் ரூபாவோடு பேசுவான், அக்காவோடு பேசுவான். கலைவாணி வாங்கினால், பணம் வந்ததா என்று கேட்பான், வந்தது என்பாள். பணம் தவறாமல் வந்தது. வழியனுப்ப வந்த இடத்தில் தம்பியைச் சந்தி சிரிக்க வைத்தாள் என்று செங்கம்மா ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி ஏன் லீவுக்கு வரவில்லை என்பதற்கும் அதே பதில்தான்.

இரண்டாயிரத்தில் மாநிலப் போட்டி சித்தூருக்கு வந்தது. நடுவர் ஆதிநாராயணன், ஆட வருகிறாளா என்று ஆள் அனுப்பி விசாரித்தார். கலைவாணிக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்துவிட்டது. வேலைக்கும் அதற்கும் இனி சம்பந்தமில்லை. கடையில் லீவு சொல்லிவிட்டு, தினமும் விடியற்காலை பஸ்ஸில் சித்தூர் போய் வந்தாள். நாலு வருஷம் ஆடாத கை. புதுசாக வந்த பையன்கள் கம்ப்யூட்டரில் ஆடிப் பழகியவர்கள். அவள் கேள்விப்படாத தொடக்கங்களைப் பாடமாக ஒப்பித்து ஆடினார்கள். எட்டு சுற்றில் அவளுக்கு மூன்றரை.

ஒன்பதாவது சுற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அது மாசத்தின் முதல் ஞாயிறு. எதிராளி மதனப்பள்ளிக்காரர், பேங்கில் வேலை. அவருக்கும் மூன்றரைதான், பஸ்ஸுக்கு நேரமாகிறது. நாலு நகர்த்தல் ஆனதுமே டிரா வைத்துக்கொள்ளலாம் என்று கை நீட்டினார். இருவருக்கும் இதில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. ஒத்துக்கொண்டால் அவளும் போன் வருவதற்குள் நகரிக்குப் போய்ச் சேரலாம். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு அடுத்த காயை நகர்த்தினாள். அவர் எரிச்சலோடு ஆடினார்.

ஒரு மணி நேரம் கழித்து ஆதிநாராயணன் வந்து குனிந்து, ஊருக்குப் போக வேண்டாமா, எதற்கு இழுத்துக்கொண்டிருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார்.

“என்னை ஜெயிச்சவங்க மூணு பேரு மேல் வரிசையில ஆடிக்கினு கீறாங்க சார்” என்றாள்.

அவர் நிமிர்ந்து முன்வரிசைப் பலகைகளைப் பார்த்தார். பிறகு அவள் மேசையிலிருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் நிரப்பி வைத்தார்.

மண்டபத்தில் ட்யூப்லைட் போட்ட பிறகு, ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரை கொண்டுபோய் அவள் ஜெயித்தாள். பேங்க்காரர் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தப் புள்ளியால் மேலே யாருக்காவது பிரயோஜனம் ஆயிற்றா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. பஸ் கிடைத்து நகரி வந்து சேர்ந்தபோது எஸ்.டி.டி. பூத் சாத்தியிருந்தது.

ரூபாவுக்கு அப்போது எட்டு வயசு. போன் வந்ததா என்று கேட்டாள் கலைவாணி.

“வந்துச்சி. அத்த பூத்துக்கு வரல, உன் மேல கோவம். நானுதான் பேசினேன். அம்மா எங்கன்னு கேட்டாரு நைனா. சித்தூர்ல ஆடிக்கினு கீதுன்னேன்.”

“அதுக்கு?”

“எத்தினியாவது ரவுண்டுன்னு கேட்டாரு. கடசி ரவுண்டுன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் பேசல. லைனு கட்டாவல. மூச்சு வுடறது மட்டும் கேட்டுக்கினே இருந்துச்சி. நானும் வெச்சிக்கினே இருந்தேன்.”

அடுத்த மாசமும் பணம் சரியான தேதிக்கு வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் பூத்து பெஞ்சில் கடை சாத்தும் வரை உட்கார்ந்திருந்தார்கள். போன் வரவில்லை.